கவுண்டி ஒன்றின் கொரோனா நிவாரணப் பட்டியலை வாசிப்பது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

2020 ஏப்ரல் 12 அன்று, தெற்கு டகோட்டா மாநிலத்தின் சூ ஃபால்ஸ் நகரிலிருந்த ஸ்மித்ஃபீல்டு பன்றி இறைச்சி ஆலை, தொழிலாளர்களிடையே கொரோனா பரவியதால் காலவரையறையின்றி மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. மாநில எல்லைக்கு இப்பால், ஐயோவாவின் வடமேற்கு மூலையிலுள்ள சூ கவுண்டி (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) போன்ற இடங்களில், விற்பனை எடையை எட்டிய பன்றிகள் கொட்டகைகளிலேயே தேங்கின. ஆலை எடுக்காத ஒவ்வொரு பன்றியும் நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வீதம் பெருத்துக்கொண்டே போனது. பின்னால் வரவேண்டிய குட்டிகளுக்கோ இடமில்லை. அதற்கு ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 17 அன்று, விவசாயிகளுக்கு நேரடியாக 1,600 கோடி டாலர் வழங்கப்படும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை அறிவித்தது. அவ்வாறு தொடங்கிய கொரோனா உணவு உதவித் திட்டம் இரண்டு சுற்றுகளிலும் சேர்த்து நாடு முழுவதும் ஏறக்குறைய 3,100 கோடி டாலரை விவசாயிகளிடம் கொண்டுசேர்த்தது.

இத்திட்டத்துக்கு இனி யாரும் விண்ணப்பிக்க முடியாது. ஆனால் யாருக்கு எவ்வளவு போனது என்ற பதிவு பொதுவெளியில் இருக்கிறது. அமெரிக்க ஊரகப் பொருளாதாரத்தைப் படிக்கும் மாணவர், உள்ளூர்ச் செய்தியாளராகப் புதிதாகச் சேர்ந்தவர், ஒரு பண்ணையின் கணக்குகளைப் புதிதாகக் கையில் எடுத்தவர் ஆகியோர் என்றாவது ஒருநாள் இந்தப் பட்டியலைத் திறந்தே ஆகவேண்டும். பெயருக்கு எதிரே நிற்கும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, 'இவர் அள்ளிக்கொண்டார், அவர் ஏமாந்தார்' என்று முடிவு கட்டுவதே புதியவர்கள் செய்யும் முதல் பிழை. அத்தொகை எந்தக் கணக்கிலிருந்து பிறந்தது என்பதை உங்கள் கையாலேயே ஒருமுறை போட்டுப் பார்க்காத வரை அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் படிகள் அந்த நோக்கத்தில் எழுதப்பட்டவை. உதாரணங்களுக்காகச் சூ கவுண்டியை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: ஆரஞ்சு சிட்டி அதன் தலைநகர், மக்கள்தொகை சுமார் 36,000; பன்றி, மாடு, மக்காச்சோளம், சோயா ஆகிய நான்கும் ஒருசேரக் கிடைக்கும் இடம் என்பதால் கற்றுக்கொள்வதற்கு ஏற்றது. உதாரணங்களில் வரும் பண்ணைகள் கணக்கை விளக்குவதற்காக நான் அமைத்தவை; விகிதங்களும் தேதிகளும் அரசு அறிவித்தவை.

முதல் படி: எந்தப் பணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

2020, 2021 ஆண்டுகளில் ஓர் ஐயோவா விவசாயியின் வங்கிக் கணக்குக்குப் பல வழிகளிலிருந்து அரசுப் பணம் வந்தது. அவற்றையெல்லாம் 'கொரோனா நிவாரணம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது.

முதல் சுற்றுக்கான விண்ணப்பம் 2020 மே 26 அன்று தொடங்கி, முதலில் ஆகஸ்ட் 28 என்றும் பிறகு செப்டம்பர் 11 என்றும் குறிக்கப்பட்ட கடைசி நாளோடு முடிந்தது. அதற்கான பணத்தில் 950 கோடி டாலர் 2020 மார்ச் மாதக் கொரோனா நிவாரணச் சட்டமான கேர்ஸ் சட்டத்திலிருந்தும், 650 கோடி டாலர் வேளாண்மைத் துறையின் கீழுள்ள பண்டக் கடன் கழகத்திலிருந்தும் ஒதுக்கப்பட்டது. மூன்றாம் படியில் பார்க்கப்போவதுபோல், ஒரே பயிருக்கு இரண்டு விகிதங்கள் இருந்ததன் காரணம் இதுதான். இரண்டாம் சுற்றின் விண்ணப்பம் 2020 செப்டம்பர் 21 முதல் டிசம்பர் 11 வரை நடந்தது. ஆட்சி மாறிய பின், 2021 ஏப்ரல் 5 அன்று அது மறுபடியும் திறக்கப்பட்டு அக்டோபர் 12 வரை நீடித்தது. இதற்கிடையே, 2020 டிசம்பர் இறுதியில் நிறைவேறிய நிதிச் சட்டத்தின்படி, இரண்டாம் சுற்றில் ஏற்கெனவே பணம் பெற்ற பல பயிர்களுக்கு ஏக்கருக்கு 20 டாலர் கூடுதலாக வழங்கப்பட்டது. பெரும்பாலோருக்கு அது விண்ணப்பிக்காமலேயே கணக்கில் வந்து விழுந்தது. பட்டியலில் ஒரே பெயர் 2021இல் திரும்பவும் தோன்றினால், அது இரட்டைப் பதிவு என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள்.

இவற்றுக்கு வெளியே நிற்பவையும் உண்டு. சீனாவுடனான வர்த்தக மோதலை ஒட்டி வழங்கப்பட்ட சந்தை உதவித் திட்டத்தின் மூன்றாம் தவணை 2020 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது; அதற்கும் கொரோனாவுக்கும் தொடர்பில்லை. சிறுதொழில் நிர்வாகம் வழங்கிய சம்பளப் பாதுகாப்புக் கடனைப் பல விவசாயிகள் வாங்கினார்கள். அந்தப் பதிவு முற்றிலும் வேறொரு பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலில் 20,833 டாலர் என்ற தொகை பல பெயர்களுக்கு எதிரே வருவதைக் கண்டு திகைக்க வேண்டாம். பணியாளர் இல்லாமல் தனியாகத் தொழில் நடத்துபவருக்கு ஆண்டு வருமானமாக ஏற்கப்பட்ட உச்ச அளவு 1,00,000 டாலர். அதன் இரண்டரை மாதப் பங்கே இந்தத் தொகை.

இரண்டாம் படி: கவுண்டி அலுவலகத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இப்பணத்தைக் கையாண்டது பண்ணைச் சேவை முகமை. நாடெங்கும் 2,000க்கும் மேற்பட்ட கவுண்டி அலுவலகங்கள் இதற்கு உண்டு. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் உள்ளூர் விவசாயிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கவுண்டிக் குழு இருக்கும். அன்றாட வேலையை ஒரு நிர்வாக இயக்குநர் பார்ப்பார். 2020இல் அந்த அலுவலகங்களில் பார்வையாளர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. தொலைபேசியில் நேரம் வாங்கி, இணையவழியில் கையொப்பமிட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகளாக இந்த அலுவலகத்தோடு பழகி, பெயர், வங்கிக் கணக்கு, வருமானச் சான்று, நிலப் பதிவு எல்லாவற்றையும் முன்பே கொடுத்துவைத்திருந்தவர்களுக்கு இது ஓரிரு படிவ வேலை. முதன்முதலாக வந்தவருக்கு ஏடி-3114 என்ற விண்ணப்பத்தோடு வாடிக்கையாளர் விவரப் படிவம், வருமான வரம்புச் சான்று, நில அரிப்பு மற்றும் சதுப்பு நிலப் பாதுகாப்பு விதிகளை மதிப்பதாக உறுதியளிக்கும் படிவம், வங்கிக் கணக்குப் படிவம் என்று ஒரு கட்டு சேர்ந்தது. யார் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை இந்த வேறுபாடும் ஓரளவு தீர்மானித்தது.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். விண்ணப்பத்தில் விவசாயி எழுதிய இருப்பும் விற்பனையும் அவருடைய சுயசான்று மட்டுமே. அதற்கான ரசீதுகளை அவர் வைத்திருக்க வேண்டும். அலுவலகம் சிலரைத் தேர்ந்தெடுத்துப் பிறகு சரிபார்க்கும்.

மூன்றாம் படி: கணக்கைக் கையால் போடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு தாளும் பேனாவும் போதும்.

மக்காச்சோளத்திலிருந்து தொடங்குவோம். அங்கே தானியத்தைப் புஷல் கணக்கில் அளப்பார்கள். மக்காச்சோளத்தில் ஒரு புஷல் 56 பவுண்டு, அதாவது சுமார் 25.4 கிலோ. முதல் சுற்றில், 2019 விளைச்சலில் பாதி அல்லது 2020 ஜனவரி 15 அன்று விலை பேசி முடிக்காமல் கையிருப்பில் இருந்த அளவு, இவற்றில் எது குறைவோ அதுவே கணக்குக்கு எடுக்கப்பட்டது. அந்த அளவில் பாதிக்குப் புஷலுக்கு 32 சென்ட், மறு பாதிக்கு 35 சென்ட். ஆக, சராசரியாகப் புஷலுக்கு 33.5 சென்ட். சோயாவுக்கு இதே முறையில் 47.5 சென்ட்.

ஒரு பண்ணையில் 2019இல் 60,000 புஷல் மக்காச்சோளம் விளைந்தது என்று வையுங்கள். பாதி 30,000. ஜனவரி 15 அன்று விலை முடிக்காத இருப்பு 22,000. இரண்டில் குறைவானது 22,000 என்பதால், அதை 0.335ஆல் பெருக்கினால் 7,370 டாலர். முதலில் இதில் 80 விழுக்காடு, அதாவது 5,896 டாலர் வந்திருக்கும். மீதி 1,474 டாலர் பிறகு வந்திருக்கும். இப்போது, அதே விளைச்சல் கண்ட பக்கத்துப் பண்ணைக்காரர் அறுவடை முடிந்ததுமே எல்லாவற்றையும் விற்றிருந்தால் அவருக்கு மக்காச்சோளத்துக்காக ஒரு சென்ட்கூட இல்லை. இருவரும் ஒரே அளவு நிலத்தில் ஒரே அளவு விளைவித்தவர்கள்; ஒருவர் சேமிப்புக் கலனில் தானியத்தைப் போட்டுவைத்தார், மற்றவர் கடனை அடைக்க உடனே விற்றிருக்கக்கூடும். விற்றவர் விலை வீழ்ச்சியில் சிக்கவில்லை என்பதே அரசின் நியாயம், அதை நானும் ஏற்கிறேன். ஆயினும் பட்டியலில் இருவருக்கும் இடையே தெரியும் வேறுபாடு உழைப்பின் வேறுபாடோ பண்ணை அளவின் வேறுபாடோ இல்லை என்பதை வாசகருக்குச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் சுற்றின் கணக்கு வேறு. இம்முறை இருப்பு பார்க்கப்படவில்லை, 2020இல் விதைத்த பரப்பே அடிப்படை. ஏக்கர், நாடு தழுவிய சந்தைப்படுத்தல் விழுக்காடு (விளைச்சலில் விற்பனைக்குப் போவதாகக் கொள்ளப்படும் பங்கு), விகிதம், பண்ணையின் சராசரி மகசூல் ஆகியவற்றைப் பெருக்க வேண்டும். அல்லது ஏக்கருக்கு 15 டாலர். இவற்றில் எது அதிகமோ அது. மக்காச்சோளத்துக்குச் சந்தைப்படுத்தல் 40 விழுக்காடு, விகிதம் புஷலுக்கு 58 சென்ட். 300 ஏக்கரில் ஏக்கருக்கு 200 புஷல் மகசூல் உள்ள பண்ணைக்கு இது 13,920 டாலர். ஏக்கருக்கு 15 டாலர் என்றால் 4,500 மட்டுமே வரும் என்பதால் முன்னதே கிடைக்கும். பிறகு வந்த ஏக்கருக்கு 20 டாலர் கூடுதல் தொகை இன்னொரு 6,000.

கால்நடைக்கு வந்தால் தொகைகள் வேகமாக ஏறும். முதல் சுற்றில், ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்ற 120 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள பன்றிக்குத் தலைக்கு 18 டாலர், அதைவிட எடை குறைந்ததற்கு 28 டாலர். ஏப்ரல் 16 முதல் மே 14 வரையிலான காலத்தில் விவசாயி தேர்ந்தெடுக்கும் ஒரு நாளின் உச்ச இருப்புக்குத் தலைக்கு 17 டாலர். இரண்டாம் சுற்றில், ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 31 வரையிலான ஏதேனும் ஒரு நாளின் உச்ச இருப்புக்குத் தலைக்கு 23 டாலர். இனப்பெருக்கத்துக்கு வைத்திருப்பவை இதில் சேரா. 2,400 பன்றிகள் கொள்ளும் கொட்டகை ஒன்றை வைத்திருப்பவர் அந்த முதல் காலத்தில் ஒரு தொகுதியை விற்று மறு தொகுதியை நிரப்பியிருந்தால், 43,200, 40,800, 55,200 என்று மூன்றும் சேர்ந்து 1,39,200 டாலர் ஆகும். இறைச்சி மாட்டுக்கு முதல் சுற்றில் இருப்பில் இருந்ததற்குத் தலைக்கு 33 டாலர், அந்தக் காலத்தில் வெட்டுக்கு விற்ற கொழுத்த மாட்டுக்கு 214 டாலர். இரண்டாம் சுற்றில் இருப்புக்கு 55 டாலர். மாடு இருந்த தேதிக்கும் விற்ற தேதிக்கும் இடையிலான சில வாரங்களே ஒரு பண்ணையின் தொகையைப் பல மடங்கு மாற்றிவிடும் என்பதை இந்த 33க்கும் 214க்கும் உள்ள தொலைவு காட்டுகிறது.

நான்காம் படி: பட்டியலைப் பெற்றுத் திறங்கள்

பண்ணைச் சேவை முகமை, தான் வழங்கிய தொகைகளை ஆண்டுவாரியாகத் தன் இணையதளத்தில் எக்செல் கோப்புகளாக வெளியிடுகிறது. விவசாயி அரசுக்குக் கொடுக்கும் நிலம், பயிர் விவரங்களை 2008ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டத்தின் 1619ஆம் பிரிவு பொதுவெளிக்கு வராமல் காக்கிறது. ஆனால் கொடுத்த பணத்தின் விவரம் அந்தப் பாதுகாப்புக்குள் அடங்காது. அதனால்தான், ஒருவருக்கு எவ்வளவு கிடைத்தது என்று உங்களுக்குத் தெரியும்; அவருக்கு எத்தனை ஏக்கர், எத்தனை பன்றி என்று தெரியாது.

கோப்பைத் திறந்ததும் மாநிலம், கவுண்டி, பெறுபவர் பெயர், முகவரி, தொகை, வழங்கிய தேதி, திட்டக் குறியீடு, திட்டத்தின் பெயர், திட்ட ஆண்டு என்று பத்திகள் வரிசையாக நிற்கும். முதலில் திட்டப் பெயர்ப் பத்தியை வடிகட்டி, கொரோனா உணவு உதவிக்குரிய வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, கவுண்டிப் பத்தியையும் முகவரிப் பத்தியையும் ஒப்பிடுங்கள். முன்னது எந்த அலுவலகம் பணத்தைக் கையாண்டது என்பதைச் சொல்கிறது, பின்னது பெறுபவரின் அஞ்சல் எங்கே போகிறது என்பதைச் சொல்கிறது. சூ கவுண்டி அலுவலகத்தின் வரிசையில் வேறு கவுண்டி முகவரி இருந்தால் அது தவறு என்று எண்ண வேண்டாம். அது வேறு கவுண்டியில் வசிக்கும் நில உரிமையாளருடையதாக இருக்கலாம். பங்குச் சாகுபடிக்கு (வாரத்துக்கு) நிலம் விட்டவர் விளைச்சலில் பங்கு வாங்குகிறார், நட்டத்திலும் பங்கேற்கிறார். ஆகவே அவருக்கும் தகுதி உண்டு. ரொக்கக் குத்தகைக்கு விட்டவருக்குப் பயிர் எப்படிப் போனாலும் குத்தகைப் பணம் வந்துவிடும் என்பதால் தகுதி இல்லை.

பெயர்களைச் சேர்க்கும்போது அவசரப்படாதீர்கள். ஒரே குடும்பப் பெயர் இடைவெளியோடும் இடைவெளியின்றியும், தந்தை பெயரிலும் மகன் பெயரிலும், எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) என்ற ஒட்டோடும் இல்லாமலும் வரக்கூடும். கணினி அவற்றைத் தனித்தனி என்று எண்ணும். நீங்கள் அவற்றை ஒன்றென்று எண்ணிவிடக்கூடும். இரண்டுமே தவறாக முடியலாம்.

ஐந்தாம் படி: உச்ச வரம்பைத் தேடுங்கள்

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நபருக்கு 2,50,000 டாலர் என்பது உச்ச வரம்பு. நிறுவன வடிவில் நடக்கும் பண்ணையில், ஆண்டுக்குக் குறைந்தது 400 மணி நேரம் உழைப்போ நிர்வாகமோ தரும் பங்குதாரர்கள் இருவர் இருந்தால் 5,00,000, மூவர் இருந்தால் 7,50,000 வரை போகலாம். எனவே, தொகைகளைக் கூட்டிய பின் ஒருவருக்கு நேராக இந்த மூன்று எண்களில் ஒன்று சில்லறை இல்லாமல் நின்றால், அது கணக்கில் வந்த தொகை இல்லை, வரம்பு வெட்டிய தொகை. இரண்டாம் சுற்றில் 10,870 பன்றிகள் வைத்திருந்தாலே தனிநபர் ஒருவர் இந்த வரம்பைத் தொட்டுவிடுவார். 40,000 வைத்திருந்தவரும் அதே எண்ணில்தான் நிற்பார்.

வருமான வரம்பும் உண்டு. 2016, 2017, 2018 ஆகிய வரி ஆண்டுகளின் சராசரி வருமானம் 9,00,000 டாலருக்கு மேல் இருந்தால் தகுதி இல்லை. ஆனால் அந்த வருமானத்தில் 75 விழுக்காடோ அதற்கு மேலோ விவசாயம், கால்நடை, வனத்தொழில் ஆகியவற்றிலிருந்து வந்திருந்தால் தகுதி உண்டு.

ஆறாம் படி: பட்டியலில் இல்லாதவர்களைத் தேடுங்கள்

எனக்கு இந்த வழிகாட்டியிலேயே முக்கியமானது இந்தப் படி. ஐயோவாவில் சாலையோரம் நீளமாகத் தெரியும் பன்றிக் கொட்டகைகளில் பலவற்றில், கொட்டகை ஒருவருடையது, உள்ளே இருக்கும் பன்றி இன்னொருவருடையது. கொட்டகைக்காரர் ஒப்பந்த வளர்ப்பாளர்: கடன் வாங்கிக் கொட்டகை கட்டி, தண்ணீரும் மின்சாரமும் உழைப்பும் தந்து, தலைக்கோ இடத்துக்கோ இவ்வளவு என்று கூலி வாங்குபவர். பன்றியும் தீவனமும் நிறுவனத்துடையவை. பன்றியின் விலை வீழ்ச்சிக்கான நிவாரணம் பன்றியின் உரிமையாளருக்கே என்பதால், மேலே நாம் போட்ட 1,39,200 டாலர் கணக்கில் கொட்டகைக்காரருக்கு எதுவும் இல்லை. ஆலை மூடியதால் அடுத்த தொகுதிக் குட்டி வராமல் கொட்டகை காலியாகக் கிடந்திருந்தால், கூலியும் நின்றிருக்கும், கடன் தவணை நின்றிருக்காது.

இவர்களுக்கான வழி, 2020 டிசம்பர்ச் சட்டத்தின் வாயிலாகத் தாமதமாகத் திறந்தது. 2019 ஜனவரி 1 முதல் டிசம்பர் 27 வரை கிடைத்த ஒப்பந்த வருவாயோடு 2020இன் அதே காலத்து வருவாயை ஒப்பிட்டு, வருவாய் எவ்வளவு குறைந்ததோ அதில் 80 விழுக்காடு வரை கொடுப்பது அந்த ஏற்பாடு. 2018ஆம் ஆண்டையும் ஒப்பீட்டுக்கு எடுக்கலாம் என்று பிறகு தளர்த்தப்பட்டது. ஆலை எடுக்காததால் கால்நடையைக் கொன்று புதைக்க நேர்ந்தவர்களுக்குப் பெருந்தொற்றுக் கால்நடை இழப்பீட்டுத் திட்டம் தனியாக வந்தது. ஒப்பந்தமின்றி அன்றாடச் சந்தை விலைக்குப் பன்றி விற்றவர்களுக்கு, 2020 ஏப்ரல் 16 முதல் செப்டம்பர் 1 வரை விற்றவற்றுக்காக இன்னொரு திட்டம் 2021 டிசம்பரில்தான் தொடங்கியது. ஆகவே 2020ஆம் ஆண்டுக் கோப்பை மட்டும் வைத்து ஒரு கவுண்டியின் கதையை எழுதினால், மிகவும் தாமதமாகப் பணம் பெற்றவர்கள் அதில் இருக்கவே மாட்டார்கள். 2021, 2022 கோப்புகளையும் கட்டாயம் திறக்க வேண்டும்.

ஆலையில் வெட்டுமேடை முன் தோளோடு தோள் நின்று நோயை வாங்கிக்கொண்ட தொழிலாளர்கள் இப்பட்டியலுக்குத் தொடர்பே இல்லாதவர்கள். ஆனாலும், ஒரு கவுண்டிக்கு வந்த தொகையைப் பேசும்போது அதே விலை வீழ்ச்சியின் மறுமுனையில் அவர்கள் நின்றார்கள் என்பதை ஒரு வரியாவது குறிப்பிடுவது நேர்மை என்று நினைக்கிறேன்.

ஏழாம் படி: ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு நேரில் கேளுங்கள்

ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் வேளாண் கணக்கெடுப்பின் 2017, 2022 பதிவுகளில் கவுண்டிவாரியாகப் பண்ணைகளின் எண்ணிக்கை, கால்நடை எண்ணிக்கை, விற்பனை மதிப்பு எல்லாம் இருக்கும். கவுண்டியின் மொத்தத் தொகையைப் பண்ணை எண்ணிக்கையால் வகுத்து வரும் சராசரியை எழுதிவிடாதீர்கள். பத்து ஏக்கரில் ஆடு வளர்ப்பவரும் ஆயிரக்கணக்கான மாடுகளைக் கொழுக்க வைப்பவரும் அந்த வகுத்தலில் ஒன்றாகிவிடுவார்கள். அதற்குப் பதிலாகத் தொகைகளை ஏறுவரிசையில் அடுக்கி, நடுவில் நிற்கும் தொகை எது, மேலுள்ள பத்தில் ஒரு பங்கினருக்கு மொத்தத்தில் எவ்வளவு போனது என்ற இரண்டையும் எடுங்கள்.

பண்ணைக் கணக்கைக் கையில் எடுத்தவர்கள், இத்தொகை வரிக்கு உட்பட்டது என்பதை மறக்க வேண்டாம். அரசு அனுப்பிய 1099-ஜி படிவத்தில் உள்ள எண்ணும், வரிக் கணக்கின் பண்ணை வருமானப் பகுதியான ஷெட்யூல் எஃப்பில் எழுதிய எண்ணும் பொருந்த வேண்டும். விண்ணப்பத்துக்கு ஆதாரமான எடைச் சீட்டு, விற்பனை ரசீது, இருப்புக் குறிப்பு ஆகியவை ஒரே கோப்பில் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள்.

செய்தியாளர்களும் மாணவர்களும் கடைசியாக ஒன்றைச் செய்ய வேண்டும். பட்டியலில் உள்ள ஒருவரைப் பெயர் சொல்லி எழுதும் முன் அவரிடம் பேசுங்கள். 'இவ்வளவு பணம் வாங்கினீர்களே' என்று தொடங்கினால் கதவு அடைபடும். 2020 ஜனவரி 15 அன்று கலனில் எவ்வளவு தானியம் இருந்தது, ஏப்ரலில் கொட்டகையில் எத்தனை பன்றி நின்றது, அவை யாருடையவை, அந்த வாரம் ஆலையிலிருந்து என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். கணக்கை ஏற்கெனவே போட்டுப் பார்த்தவர் கேட்கும் கேள்வி அது என்பது விவசாயிக்கு உடனே தெரிந்துவிடும். கையிருப்பைக் குறித்த நோட்டை எடுத்துக்கொண்டு அவரே சமையலறை மேசைக்கு வந்து உட்காருவார்.